நேற்றையும் கைப்பற்ற நினைத்தவன்

தோற்றுவாய்

வினைச்சொல் காலம் காட்டும் என்பது தமிழ் இலக்கணத்தின் அடிப்படை. அக்காலத்தை இறப்பு, நிகழ்வு, எதிர்வு என மூன்றாகப் பகுத்தார் தொல்காப்பியர். இம்மூன்றனுள் நிகழ்காலம் நம் கையில் உள்ளது. எதிர்காலம் நம் கருத்தில் உள்ளது. இறந்த காலமோ எவர் கைக்கும் எட்டாதது. கோவலன்பால் இழைத்த பிழையை உணர்ந்த பாண்டியன் நெடுஞ்செழியனுக்குப் படை இருந்தது, முடி இருந்தது, செங்கோலும் இருந்தது. ஆயினும் முந்தைய நாளுக்குத் திரும்பிச் சென்று தன் ஆணையைத் தடுக்க அவனுக்கு வழியில்லை. ஆகவேதான் அரியணையிலேயே உயிர் துறந்தான் என்று சிலம்பு காட்டுகிறது.

எவர்க்கும் எட்டாத அந்த நேற்றைய நாளையும் ஒருவன் கைப்பற்றிவிட்டால் என்னாகும்? தன் பிழைக்கு விலை கொடுக்க வேண்டிய கட்டாயமே இல்லாத ஓர் ஆதிக்கவாதி எவ்வாறு உருவாவான்? எவ்வாறு உயர்வான்? எங்கே வீழ்வான்? இவ்வினாக்களை இருபதாம் நூற்றாண்டில் விரிவாக எழுப்பியவை சித்திரக்கதைகள். பெரியோர் சிலர் ‘பொம்மைப் புத்தகம்’ என்று ஒதுக்கிய அக்கதைகளுக்குள் அதிகாரம் பற்றிய ஆழ்ந்த சிந்தனை ஒன்று உறைந்திருப்பதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சிவகாசிக்கு வந்த சிலந்தி

தமிழில் சித்திரக்கதை வளர்ந்த ஊர் சிவகாசி. அங்கிருந்து 1972-இல் முத்து காமிக்ஸும், 1984-இல் லயன் காமிக்ஸும் வெளிவரத் தொடங்கின. இவை இரண்டும் தமிழ்ச் சிறுவர்க்கு அறிமுகப்படுத்திய புகழ்மிக்க பாத்திரங்கள் இரண்டினைக் கூர்ந்து நோக்கினால் ஒரு வியப்பு தோன்றும். இருவருமே தொடக்கத்தில் தீயோர்.

முத்து காமிக்ஸின் இரும்புக்கை மாயாவி 1962-இல் இங்கிலாந்தின் ‘வேலியன்ட்’ இதழில் பிறந்தவன். விபத்தில் வலக்கையை இழந்த ஆய்வுக்கூட உதவியாளன் அவன். இரும்புக்கை பொருத்தப்பெற்ற பின், மின்சாரம் பாய்ந்தால் அக்கை தவிர்ந்த உடல் முழுதும் மறைந்துவிடும் ஆற்றலைப் பெறுகிறான். அவ்வாற்றலை அவன் முதலில் பயன்படுத்தியது குற்றத்திற்கே. கண்ணுக்குப் புலப்படாதவனை எவரும் தண்டிக்க இயலாது என்ற துணிவு அவனை அவ்வழியில் செலுத்தியது. நாட்டைக் காக்கும் உளவாளியாக அவன் மாறியது பின்னரே.

லயன் காமிக்ஸில் 1984-இல் தோன்றிய ஸ்பைடரின் கதை இன்னும் வெளிப்படையானது. ‘லயன்’ என்னும் ஆங்கில வார இதழில் 1965-இல் டெட் கோவன் எழுத, ரெக் பன் வரைந்த பாத்திரம் அது. குற்றவாளிகளின் பேரரசனாவதே ஸ்பைடரின் இலட்சியம். அதற்கு அவன் முதலில் தேடியது பொன்னையன்று; ஆட்களை. பூட்டுகளை உடைப்பதில் வல்ல ராய் ஆர்டினியைச் சிறையிலிருந்து விடுவிக்கிறான். அறிவியல் கற்ற பேராசிரியர் பெல்ஹாமைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறான். ஒருவனிடம் கைத்திறன், மற்றவனிடம் மூளை. இரண்டையும் ஆளும் ஆணவம் தன்னிடம் என்று அவன் கணக்கிடுகிறான். சூப்பர்மேனைப் படைத்தவருள் ஒருவரான ஜெர்ரி சீகல் பின்னர் இக்கதையை எழுத வந்தபோதுதான் ஸ்பைடர் தன்னினும் கொடியோரை எதிர்க்கும் காவலனாக உருமாறினான். கூர்மையான தலையும் நெடிய காதுகளும் கொண்ட அவனைத் தமிழ் வாசகர்கள் ‘கூர்மண்டையர்’ என்று அன்போடு அழைத்தனர்.

தீயவனை அன்போடு அழைக்கும் இம்மனநிலை சிந்திக்கத்தக்கது. அவனுடைய கொடுமையைச் சிறுவர்கள் விரும்பினர் என்று நாம் கருதவில்லை. எவர்க்கும் அஞ்சாமையையும், எடுத்ததை முடிக்கும் திறத்தையும் அவர்கள் விரும்பினர். இத்திறங்கள் அறத்தோடு சேரும்போது தலைவன் தோன்றுகிறான். அறத்தினின்று பிரியும்போது கொடுங்கோலன் தோன்றுகிறான். ஸ்பைடர்க்கும் மாயாவிக்கும் கூட ஓர் எல்லை இருந்தது. அவர்கள் நிகழ்காலத்தில் மட்டுமே வாழ்ந்தனர். அந்த எல்லையையும் உடைத்தவன் ஒருவன் அமெரிக்கச் சித்திரக்கதையில் தோன்றினான். அவன் பெயர் காங்.

காலம் கடந்து வந்த அரசன்

காலத்தில் முன்னும் பின்னும் செல்லும் எந்திரத்தை 1895-இல் எச்.ஜி.வெல்ஸ் தம் புதினத்தில் படைத்தார். அவருடைய பயணி அறியும் வேட்கையால் சென்றவன். மார்வல் நிறுவனத்தின் ஸ்டான் லீ, ஜாக் கிர்பி ஆகிய இருவரும் படைத்த காங் ஆளும் வேட்கையால் சென்றவன். இருவர்க்கும் உள்ள வேறுபாடு இதுவே.

காங்கின் எழுச்சி மூன்று படிகளில் நிகழ்கிறது.

முதற்படி: அவன் பிறந்தது 3000-ஆம் ஆண்டு. போரும் பகையும் ஒழிந்த அமைதிக் காலம் அது. எல்லோர்க்கும் நற்பேறாகத் தோன்றும் அவ்வமைதி அவனுக்குச் சலிப்பாகத் தோன்றுகிறது. முன்னோர் ஒருவர் விட்டுச் சென்ற கால எந்திரக் குறிப்புகள் கிடைக்கவே, தன்னினும் எளியோர் வாழும் காலத்தைத் தேடிப் பழைய எகிப்துக்குச் செல்கிறான். மனித முகமும் சிங்க உடலும் கொண்ட சிலையின் வடிவிலே அமைந்தது அவனுடைய ஊர்தி. தன் காலத்துக் கருவிகளைக் காட்டி அம்மக்களை அடிமைப்படுத்தி, ராமா-டுட் என்னும் பெயரோடு அரசனாகிறான். 1963-இல் வெளிவந்த ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ 19-ஆம் இதழ் இதனைக் கூறுகிறது.

இரண்டாம் படி: எகிப்தில் தோற்றோடியவன் தன் காலத்துக்குத் திரும்ப முயன்று, ஆயிரம் ஆண்டுகள் கடந்து 4000-ஆம் ஆண்டில் சென்று விழுகிறான். அங்கே உலகம் போரால் சிதைந்து கிடக்கிறது. மக்கள் முன்னோரின் கொடிய படைக்கலங்களைக் கையில் ஏந்தியுள்ளனர். ஆனால் அவற்றை ஆக்கும் அறிவையோ மறந்துவிட்டனர். அவ்வறிவு படைத்த ஒரே மனிதன் அவன். எனவே சிறு முயற்சியிலேயே அவர்களை அடக்கிக் காங் என்னும் வெற்றியாளனாகிறான்.

மூன்றாம் படி: வென்ற உலகம் பாழ்பட்டது என்பதால் அவன் மனம் நிறைவடையவில்லை. வளமும் எழிலும் மிக்க இருபதாம் நூற்றாண்டைக் கைப்பற்றப் புறப்படுகிறான். 1964-இல் ‘அவெஞ்சர்ஸ்’ 8-ஆம் இதழில் வீரர் குழு அவனை முதன்முதலாக எதிர்கொள்கிறது.

இம்மூன்று படிகளையும் சேர்த்து நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். காங் எவ்விடத்தும் தனக்கு நிகரானவரோடு மோதித் தன் ஆட்சியை நிறுவவில்லை. தன் காலத்தவரோடு போட்டியிட்டு உயரவில்லை. கருவி இல்லாதவரை எகிப்தில் வென்றான். கருவியின் பொருள் அறியாதவரை 4000-ஆம் ஆண்டில் வென்றான். அவன் படைத்தது ஒன்றுமில்லை. முன்னோரின் அறிவும் மக்களின் அறியாமையுமே அவனுடைய முதலீடு. கல்வியை மறந்த சமுதாயம் படைக்கலம் ஏந்தி நின்றாலும் அடிமைப்படும் என்பதைச் சித்திரக்கதையின் ஒரு சிறு கட்டம் உணர்த்திவிடுகிறது. மாணவர்கள் இவ்விடத்தில் சற்றே நின்று எண்ணுதல் நலம்.

இரக்கம் குற்றமான இடம்

கொடுமையால் எழுந்த ஆட்சி கொடுமையாலேயே நிலைக்க வேண்டும். இதற்கு 1965, 1966 ஆண்டுகளில் வெளிவந்த ‘அவெஞ்சர்ஸ்’ 23, 24-ஆம் இதழ்கள் சான்றாகின்றன. தன் காலத்து நாடுகள் அனைத்தையும் வென்ற காங், ரவோனா என்னும் இளவரசியின் சிறு நாட்டை மட்டும் விட்டுவைத்திருந்தான். அவள்மீது அவன் காதல் கொண்டதே காரணம். முடிவில் அந்நாடும் வீழ்கிறது. தோற்ற அரசரைக் கொல்ல வேண்டும் என்பது அவன் வகுத்த வழக்கம். ரவோனாவைக் கொல்ல அவன் மறுக்கிறான். உடனே அவனுடைய படைத்தலைவர்களே அவனுக்கு எதிராக எழுகின்றனர். நேற்றுவரை எதிரிகளாக இருந்த அவெஞ்சர்ஸ் வீரர்களின் துணையை அவன் நாட வேண்டியதாயிற்று. அவனைக் குறிவைத்து வந்த தாக்குதலைத் தன்மேல் ஏற்று ரவோனா வீழ்கிறாள்.

தன் வாழ்நாளில் ஒரே ஒரு முறை இரக்கம் காட்டியவனை அவனுடைய ஆட்சியே தண்டித்துவிட்டது. இரக்கத்தைக் குற்றமாகக் கருதும் ஒரு படையை அவனேதான் பயிற்றுவித்திருந்தான். காலத்தின் எந்த மூலைக்கும் செல்லும் எந்திரம் அவனிடம் இருந்தது. ஆயினும் தான் வளர்த்த அச்சத்தினின்று தப்பிச் செல்லும் வழி அவனிடம் இல்லை.

2001, 2002 ஆண்டுகளில் கர்ட் பியூசிக் எழுதிய தொடரில் காங் தன் நெடுநாள் கனவை நிறைவேற்றிக்கொள்கிறான். வாஷிங்டன் நகர் அழிகிறது. உலகம் அவனிடம் பணிகிறது. ஆயினும் அவ்வெற்றி நீடிக்கவில்லை. முடிவில் தன்னை வஞ்சித்த மகன் மார்க்கசையும் அவன் தன் கையாலேயே கொல்கிறான். இரக்கத்தைக் குற்றமாக்கிய ஆட்சி இறுதியில் அவனுடைய குடும்பத்திற்குள்ளும் புகுந்துவிட்டது என்று இதனைக் கொள்ளலாம்.

பதினாறு வயதுச் சிறுவன்

இக்கதை மரபில் நம் மாணவர்கள் அறிய வேண்டிய பகுதி ஒன்று உண்டு. 2005-இல் ஆலன் ஹைன்பெர்க் எழுத, ஜிம் சியுங் வரைந்த ‘யங் அவெஞ்சர்ஸ்’ என்னும் தொடரில் அது இடம்பெறுகிறது.

நாதானியேல் ரிச்சர்ட்ஸ் என்னும் பதினாறு வயதுச் சிறுவனை முரடன் ஒருவன் தாக்க வருகிறான். அவ்வேளையில் வானிலிருந்து இறங்கியவன்போல் காங் தோன்றித் தாக்குதலைத் தடுக்கிறான். பின்னர்ச் சிறுவனிடம் தான் யார் என்பதைக் கூறுகிறான். அச்சிறுவனே வளர்ந்து காங் ஆகப்போகிறான். வந்திருப்பவன் அவனுடைய எதிர்காலமே! அத்துடன் நில்லாமல், தாக்க வந்தவனைக் கொல்லுமாறு சிறுவனைத் தூண்டுகிறான். பேரரசனாகும் பயணத்தை இன்றே தொடங்கு என்கிறான்.

சிறுவன் மகிழவில்லை, நடுங்குகிறான். தான் ஆகப்போகும் உருவத்தைக் கண்டு வெறுப்புற்று, கடந்த காலத்துக்கு ஓடி வந்து, நன்மைக்காகப் போரிடும் இளைஞர் குழு ஒன்றைத் திரட்டுகிறான். முடிவில் காங்கை அவனே கொன்றும் விடுகிறான். அதனால் வரலாறு குலைகிறது. உடனிருந்தோர் மறையத் தொடங்குகின்றனர். அவர்களைக் காப்பதற்காகத் தன் காலத்துக்குத் திரும்பிச் சென்று, தான் வெறுத்த அதே பாதையில் நடக்க அவன் இசைகிறான்.

துயர் நிறைந்த இம்முடிவைப் படிப்போர், ‘விதியை வெல்ல இயலாதோ?’ என்று கேட்கக்கூடும். அக்கதையின் சட்டம் கால எந்திரத்தின் சட்டம். நம்முடைய சட்டம் அதுவன்று. நமக்கு எதிர்காலம் எழுதப்பட்ட ஏடாக வந்து காட்சி தருவதில்லை. ஆனால் பதினாறு வயதில் தூண்டுவோர் வருவது மட்டும் உண்மை. உன்னை இழிவுபடுத்தியவனை அடித்து வீழ்த்து, உன் பெயரை ஊர் அஞ்சுமாறு செய் என்று கூறுவோர் எல்லாத் தெருவிலும் உள்ளனர். அவர்கள் காட்டும் உருவத்தைக் கண்டு நடுங்கும் உள்ளம் இருக்கும்வரை இளைஞன் காக்கப்படுகிறான். அந்நடுக்கம் கோழைமையன்று, அறிவின் முதல் அடையாளம்.

தமிழ்த் திரையில் ஒரு கடிகாரம்

காலத்தைக் கைப்பற்ற விழையும் தீயோன் தமிழ்க் கற்பனைக்கும் புதியவன் அல்லன். 2016-இல் விக்ரம் கே.குமார் இயக்கிய ‘24’ என்னும் திரைப்படத்தில் சேதுராமன் என்னும் அறிவியலார் காலத்தில் செல்லும் கைக்கடிகாரம் ஒன்றை ஆக்குகிறார். அவருடன் இரட்டையராய்ப் பிறந்த ஆத்ரேயா அதனைப் பறிப்பதற்காகவே அக்குடும்பத்தை அழிக்கிறான். இருபத்தாறு ஆண்டுகள் நினைவின்றிக் கிடந்து, எழ இயலாதவனாய்க் கண் விழித்தபோதும் அவன் தேடுவது அக்கடிகாரத்தையே. இழந்த ஆண்டுகளை மீட்டு, இளமையோடு எழ வேண்டும் என்பது அவன் வேட்கை. சகோதரர் இருவரையும் கடிகாரம் பழுதுபார்க்கும் இளைஞனையும் நடிகர் சூர்யாவே ஏற்று நடித்தார்.

காங்கும் ஆத்ரேயாவும் ஒரே நோயின் இரு வடிவங்கள். செய்த வினையின் பயனை ஏற்க மறுப்பதே அந்நோய்.

நேற்றை அழிப்போர்

இவையெல்லாம் கற்பனைதானே என்று கூறி நாம் அமைதியடைய இயலாது. கால எந்திரம் இல்லாமலேயே நேற்றைய நாளின்மேல் படையெடுத்தோரை வரலாறு கண்டுள்ளது. சோவியத் நாட்டில் ஸ்டாலின் அருகில் நின்று படமெடுத்துக்கொண்ட காவல்துறைத் தலைவர் நிக்கோலாய் யெழோவ் 1940-இல் கொல்லப்பட்டார். பின்னர் வெளியிடப்பட்ட அதே படத்தில் அவர் நின்ற இடத்தில் நீரும் கரையுமே காணப்பட்டன. 1981-ஆம் ஆண்டு மே மாத இறுதி இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டது. அரிய ஏட்டுச் சுவடிகள் உள்ளிட்ட ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. ஒரு மக்கள் கூட்டத்தின் நினைவை அழித்தால் அதன் நாளையும் அழியும் என்பதே அத்தகையோர் கணக்கு.

ஏட்டை எரிப்போனும், பாடத்திலிருந்து பெயரை நீக்குவோனும், நடந்ததை நடக்கவில்லை என்று சாதிப்போனும் காங்கின் உறவினரே. ஆகவே ஆதிக்கம் வளர்வதை அறிய அவன் எத்தனை நிலம் கொண்டான் என்று மட்டும் நோக்குதல் போதாது. நேற்றைப் பற்றி அவன் என்ன சொல்கிறான் என்பதையும் நோக்க வேண்டும்.

அதே நேற்றைக்குக் காப்பதற்காகச் சென்றோரும் உளர். 1842-இல் சீறாப்புராணத்தை அச்சேற்றிய செய்கு அப்துல் காதிறு நெயினார் லெப்பை ஆலிம் புலவரும், 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையரும் ஏடுகளைத் தேடிப் பழங்காலத்துள் புகுந்த பயணிகளே. அவர்கள் அங்கிருந்து கொண்டுவந்தவை இன்று நம் எல்லோர்க்கும் உடைமை.

குறள் வகுத்த வரிசை

வள்ளுவர் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்களை 48, 49, 50-ஆம் அதிகாரங்களாக அடுத்தடுத்து வைத்துள்ளார். வெற்றிக்கு வேண்டிய மூன்றும் இவையே. காங் இம்மூன்றிலும் தேர்ந்தவன். தன் வலியை அறிந்தான். காலத்தை அவனைப்போல் அறிந்தவர் இலர். எளியோர் வாழும் இடத்தையும் தெரிந்தே சென்றான். பின்னர் ஏன் வீழ்ந்தான்?

விடை வரிசையில் உள்ளது. இம்மூன்றுக்கும் முன்னரே 44-ஆம் அதிகாரமாகக் குற்றங்கடிதலையும், 45-ஆம் அதிகாரமாகப் பெரியாரைத் துணைக்கோடலையும், 46-ஆம் அதிகாரமாகச் சிற்றினம் சேராமையையும் வள்ளுவர் நிறுத்தினார். தன் குற்றத்தைத் தானே கடிதல், இடித்துரைக்கும் பெரியோரைத் துணையாகக் கொள்ளுதல், தீயோரோடு சேராமை ஆகிய இம்மூன்றும் அமைந்த பின்னரே வலியும் காலமும் இடமும் பயன்தரும். ஸ்பைடர் ஆர்டினியையும் பெல்ஹாமையும் தேடியபோது 46-ஆம் அதிகாரத்தை மீறினான். காங்கோ மூன்றையும் மீறினான். அவனுக்குக் காலத்தின் எல்லைவரை செல்லும் ஊர்தி இருந்தது. ‘இது தவறு’ என்று எடுத்துரைக்க ஒரு முதியவர் இல்லை.

நிறைவுரை

அதிகாரம் ஏறும் வழிகள் பல. ஆனால் அதனை அடைந்தோரைக் காலம் நினைவுகூரும் வழி ஒன்றே. அதற்குச் சான்று சைதாப்பேட்டையிலேயே உண்டு. அடையாற்றைக் கடக்க மக்கள் அல்லற்பட்ட காலத்தில், ஆர்மீனிய வணிகர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் 1726-இல் தம் சொந்தப் பொருளால் மர்மலாங் பாலத்தைக் கட்டுவித்தார். அதன் பராமரிப்புக்கும் பொருள் வைத்துச் சென்றார். அவருக்கு நாடும் இல்லை, படையும் இல்லை. அப்பழம் பாலம் இருந்த இடத்தில் 1966 முதல் மறைமலையடிகள் பாலம் நிற்கிறது. கல் மாறியது, பெயர் மாறியது. ஆயினும் அவ்வழியில் ஆறு கடக்கும் வசதி இருநூற்றாண்டுகளைத் தாண்டியும் தொடர்கிறது. எதிர்காலத்துக்குள் ஒருவர் செல்வதற்கு இதனினும் நேரிய ஊர்தி உண்டோ?

சைதாப்பேட்டைக்கு அண்மையில் உள்ள நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. திடலில் பல ஆண்டுகள் நடந்துவந்த சென்னைப் புத்தகக் காட்சியில், சித்திரக்கதை அரங்குகளின் முன் இளைஞரும் நரைத்த தலையினரும் ஒருங்கே நின்றதைப் பலரும் கண்டிருப்பர். பெரியோர் அந்நூல்களைப் பழிக்க வேண்டியதில்லை. பிள்ளைகளோடு அமர்ந்து படித்தால் போதும். ‘இவன் எப்படி உயர்ந்தான்? யாரை மிதித்து உயர்ந்தான்? அவனைத் தடுத்துரைக்க வேண்டியவர் எங்கே போயினர்?’ என்னும் மூன்று வினாக்களைக் கேட்டுப் பழகட்டும் பிள்ளைகள். கதையில் இவ்வினாக்களைக் கேட்கக் கற்றவர், நாளை நாட்டிலும் கேட்பர். நேற்றை மாற்றும் எந்திரம் நமக்கு வேண்டுவதில்லை. இன்றைச் செம்மையாகச் செய்யும் துணிவு வாய்த்தால் அதுவே போதும்.